மூழ்கிய பாலத்தில் ஒலீட்டா

கேனி ஏரி மீன்பிடிப் போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து கார்லண்ட் ஸ்ட்ரவுட் கூரையில் ஒழுகும் இடத்தை அடைக்க ஏறி, ஏணியோடு சரிந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். தொடை வரை மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். சோபாவில் கிடத்தியதும் அவன் முதலில் கேட்டது, "அப்ப போட்டிக்கு யாரு போறது?"

"நான்தான்," என்றாள் அவன் மனைவி ஒலீட்டா.

கார்லண்ட் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளோடு ஒரே படகில் மீன் பிடிக்கிறவன் அவன். அந்தப் படகில் யார் அதிகம் பிடிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஊருக்குத்தான் தெரியாது.

ஏரிக்குக் கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடி மன்றம், மேற்குக் கரையில் ஒன்று. ஒவ்வொரு ஜூன் மாதமும் இரண்டும் மோதும். படகுக்கு இரண்டு பேர், இந்தக் கரை ஆள் ஒருவன், அந்தக் கரை ஆள் ஒருவன். எதிராளியே சாட்சி என்பதால் யாரும் ஏமாற்ற முடியாது. நண்பகல் வரை ஒருவன் முன்னால் நின்று படகைத் தன் இஷ்டத்துக்குக் கொண்டுபோவான், அதற்குப் பிறகு மற்றவன். சாயங்காலம் ஆளுக்கு ஐந்து பாஸ் மீனை உயிரோடு கொண்டுவந்து நிறுக்க வேண்டும். கடைசியாக நடந்த மூன்று போட்டியிலும் மேற்குக் கரைதான் ஜெயித்திருந்தது.

கிழக்குக் கரை மன்றத்துக்கு டாய்ல் மேப்ரி தலைவன். டயர் கடை வைத்திருந்தான். செய்தி காதில் விழுந்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, ஒலீட்டாவின் சமையலறையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"இங்க பாரும்மா ஒலீட்டா, உன்மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஒரு ஆம்பளையும் பொம்பளையும் நாள் முழுக்க ஒரே படகுல இருந்தா ஊர்ல என்ன பேசுவாங்க?"

"எனக்கு அம்பத்தி மூணு வயசு டாய்ல். என்னைப் பத்தி அப்படிப் பேசினா எனக்குச் சந்தோஷம்தான்."

"அதில்ல... வந்து, நடுவுல ஒதுங்கணும்னா?"

"கரை முழுக்கப் புதரா இருக்கு. ஏன், நீ படகுலேர்ந்தே போவியா? அந்தத் தண்ணியில பிடிச்ச மீனையா எங்களுக்குக் கொடுத்தனுப்பினே?"

உள்ளே சோபாவில் கிடந்த கார்லண்ட் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, கால் வலியில் முனகினான். "வேற ஆள் இருந்தா சொல்லேன் டாய்ல்," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான். "உன் மச்சானைக் கூட்டிட்டுப் போ. போன தடவை வெயில்ல மயங்கி விழுந்தானே, அவனை."

டாய்ல் காப்பியை ஒரே மூச்சில் குடித்து முடித்தான். "சரி. ஆனா தோத்தா என்னைச் சொல்லக் கூடாது."

"ஜெயிச்சா?" என்று கேட்டாள் ஒலீட்டா. அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

அந்த வாரம் முழுவதும் கார்லண்ட் அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, தூண்டிலில் கோக்கும் ரப்பர் புழு வார்த்தான். பிளாஸ்டிக் கூழைக் காய்ச்சி, ஊதாச் சாயம் கலந்து, அச்சில் ஊற்றி ஆறவைப்பது அவன் கைப்பழக்கம். கடையில் விற்கும் புழுவைவிட இது இன்னும் மெத்தென்று இருக்கும். தண்ணீரில் இறங்கினால் வால் தானாக நெளியும். வீடு முழுக்க, மீனை இழுக்கக் கலக்கும் சோம்பு எண்ணெயும் சுட்ட பிளாஸ்டிக்கும் கலந்த வாடை. ஒலீட்டா ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

சனிக்கிழமை விடியும் நேரம் படகுத் துறையில் சீட்டுக் குலுக்கினார்கள். ஒலீட்டாவுக்கு விழுந்த பெயர் ஹாலிஸ் ப்ரூவிட். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். டாய்ல் கண்ணை மூடிக்கொண்டான். ஹாலிஸ் மேற்குக் கரையின் முதல் ஆள். போன இரண்டு போட்டியிலும் அதிக எடை அவனுடையதுதான். இளவட்டம், புதுப் படகு வேறு. சிவப்பு வண்ணத்தில் மினுக்குத் தூள் தூவினாற்போல் ஜொலித்தது.

அவனை ஒலீட்டாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஏரி வருவதற்கு முன்பிருந்தே அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அணை கட்டித் தண்ணீர் ஏறி, ப்ரூவிட் குடும்பம் மேற்குக் கரைக்குக் குடிபோகும் வரை ஹாலிஸ் அவள் வண்டியில்தான் பள்ளிக்குப் போனான். அவனைப் போல அவளைப் படுத்திய பிள்ளை வேறு யாருமில்லை.

"மிஸ் ஒலீட்டா," என்று தொப்பியைத் தொட்டான் ஹாலிஸ். "இன்னிக்கு நான் ஓட்டுறேன், நீங்க பின்னாடி உட்காருங்க. பழைய கணக்கைத் தீர்த்துக்கலாம்."

"ஓட்டுடா தம்பி. ஆனா நான் உன்னைப் போல ஜன்னல் வழியா ஆரஞ்சுத் தோலை வீச மாட்டேன்."

ஹாலிஸ் இஞ்சினை முடுக்கினான். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. ஒலீட்டா தலைத்துணியை ஒரு கையாலும் தூண்டில் கம்புகளை மறு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

காலைப் பொழுது முழுவதும் அவனுடையதாக இருந்தது. கரையோரப் புல்வெளிகளை ஒட்டி, காலால் மிதிக்கும் சின்ன மின் மோட்டாரில் படகை நகர்த்திக்கொண்டே, பளபளக்கும் தகட்டுத் தூண்டிலை வீசி வேகமாக இழுத்தான். கை சளைக்கவே இல்லை. வெயில் ஏறுவதற்குள் நாலு மீன். ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் படகிலிருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டான்.

படகைத் திருப்பும்போதெல்லாம் ஒலீட்டா இருந்த பின்பக்கம் வெறும் தண்ணீரைப் பார்க்கிற மாதிரியே அவன் திருப்பினான். அவன் வீசி முடித்த இடம்தான் ஒலீட்டாவுக்குக் கிடைத்தது. வேண்டுமென்றே செய்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்டால், 'அப்படியா, கவனிக்கலையே' என்பான். அவள் கேட்கவில்லை. அவன் கலக்கிவிட்டுப் போன தண்ணீரிலேயே புழுவை இறக்கி, ஏரித் தரையில் அங்குலம் அங்குலமாக ஊரவிட்டாள். இரண்டு மீன் கிடைத்தன. சிறியவைதான், ஆனால் அளவுக்குத் தேறியவை.

"பரவாயில்லையே," என்றான் ஹாலிஸ். "மிச்சம் மீதியிலயும் தேத்திடுறீங்க."

"வீட்டுல சமைக்கிறவளுக்கு அது பழக்கம்தான்."

நண்பகலுக்கு ஒரு மர நிழலில் ஒதுங்கினார்கள். அவன் டப்பாவிலிருந்த குட்டிச் சாசேஜுகளை உப்பு பிஸ்கட்டில் வைத்துத் தின்றான். அவள் கடுகு தடவிய பொலோனி இறைச்சி சாண்ட்விச்சைச் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, படகின் முன்பக்கம் வந்து நின்றாள்.

"எங்க போகணும், சொல்லுங்க."

"நடு ஏரிக்கு விடு."

"நடுவுல என்ன இருக்கு? வெறும் தண்ணி."

"இப்ப நேரம் என்னோடது ஹாலிஸ்."

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு படகைக் கிளப்பினான். ஒலீட்டா கிழக்குக் கரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் மனதில் ஒரு சின்னப் போராட்டம். அவள் போகச் சொன்ன இடத்தை அவளும் கார்லண்டும் இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை, டாய்லுக்குக்கூட. இன்று இந்தப் பையனுக்குக் காட்டினால் நாளைக்கு மேற்குக் கரை மொத்தமும் அங்கே வந்து நிற்கும். கார்லண்டிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், 'நீ போட்டிக்குத்தானே போறே, ஒளிஞ்சு விளையாடவா போறே' என்றிருப்பான். அவள் தீர்மானித்துவிட்டாள்.

மேட்டுமேல் தேவாலயக் கூம்பும் ஊர்த் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. படகு நகர நகரக் கூம்பு மெல்ல மெல்லத் தொட்டியின் பின்னால் ஒளிந்தது. முழுவதும் மறைந்ததும், "நிறுத்து," என்றாள்.

ஹாலிஸ் சுற்றிலும் பார்த்தான். நாலாபுறமும் ஒரே மாதிரி தண்ணீர்.

ஒலீட்டா கம்பை எடுத்தாள். கார்லண்ட் வார்த்த ஊதாப் புழுவின் தலைவழியாகத் தூண்டில் முள்ளைச் செலுத்தி, அதன் கூர் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்தாள். அப்படிச் செய்தால் கட்டையிலும் கம்பியிலும் மாட்டாது. மீன் கடித்த பிறகு வெட்டி இழுத்தால்தான் முள் வெளியே வரும். முன்னால் தோட்டா போன்ற ஒரு சின்ன ஈயக் குண்டு. தூரமாக வீசி, தூண்டில் நரம்பு தளர்ந்து தரையைத் தொடும் வரை காத்திருந்தாள்.

ஈயம் இழுபடும்போது கம்பு வழியாகக் கைக்குச் செய்தி வரும். முதலில் சேறு, வழவழவென்று. பிறகு கரகரவென்று சரளைக்கல். பிறகு சட்டென்று எல்லாம் அடங்கி, மேசைமேல் இழுப்பது போல வழுக்கியது.

"சிமென்ட்டு," என்றாள்.

"கீழ சிமென்ட்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

"கேனி ஓடைப் பாலம். மறந்துட்டியா? ஒத்தை வண்டிப் பாலம். எத்தனை தடவை என் பஸ் கண்ணாடியை அதுல உரசியிருக்கேன், அது இடிஞ்சு போகக் கூடாதான்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன். நீ கூட இதுமேல ஏறினாலே வாந்தி எடுப்பியே."

ஹாலிஸ் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தான். பச்சைத் தண்ணீர், அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. அவன் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. "நாம இப்ப அந்தப் பாலத்து மேலயா இருக்கோம்?"

அதற்குள் அவள் கம்பில் தட்டு விழுந்திருந்தது. கதவைத் தயங்கித் தயங்கித் தட்டுகிற மாதிரி, டொக், டொக். கம்பைத் தாழ்த்தினாள். தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தலைக்குமேல் வெட்டி இழுத்தாள். கம்பு வளைந்தது. ஹாலிஸ் காலையில் பிடித்ததில் எதுவும் அந்த மீனுக்குப் பக்கத்தில் நிற்காது.

அடுத்ததும் அதே இடத்தில் கிடைத்தது. அதற்கடுத்த இரண்டும். காலையில் பிடித்த சிறியவை இரண்டையும் தண்ணீருக்குத் திருப்பிவிட்டு, பெரியவற்றைத் தொட்டியில் சேர்த்தாள்.

ஹாலிஸும் பின்பக்கத்திலிருந்து முயன்றுகொண்டுதான் இருந்தான். ஆழத்தில் முங்கிப் போகும், மரத்தில் செய்த பொய் மீனை வீசினான். அது பாலத்துக் கம்பியில் மாட்டி அறுந்தது. இன்னொன்றும் அறுந்தது. கடைசியில் புழுப் பெட்டியைத் திறந்தவன், அப்படியே நின்றுவிட்டான். காலையிலிருந்து இஞ்சின் பக்கத்தில் வெயிலில் கிடந்த பெட்டி. உள்ளே கறுப்பும் சிவப்பும் பச்சையுமாக இருந்த புழுக்களெல்லாம் உருகி ஒரே பிண்டமாக ஒட்டிக் கிடந்தன.

ஒலீட்டாவுக்கு அப்போது பார்க்க நேரமில்லை. ஐந்தாவது மீன் அவள் நரம்பில் இருந்தது.

இது தட்டவில்லை. இழுக்கவும் இல்லை. நரம்பு மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது, அவ்வளவுதான். வெட்டியபோது பாலத்தையே மாட்டிவிட்டோமோ என்று நினைத்தாள். பிறகு அந்தப் பாலம் நடந்து போக ஆரம்பித்தது. நேராகக் கீழே போய், கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே புகுந்துகொண்டது. நரம்பு சிமென்டில் உரசுவது விரலில் தெரிந்தது.

"இழுங்க, இழுங்க," என்றான் ஹாலிஸ்.

"இழுத்தா அறுந்துடும்."

 ரீலைத் திறந்து நரம்பைத் தளர விட்டாள். முழுவதும் தளர்த்தி, கம்பைத் தாழ்த்தி, படகின் முனையில் சும்மா உட்கார்ந்துகொண்டாள்.  கையை முட்டிமேல் அழுத்திக்கொண்டாள். இழுக்கிறவன் இல்லையென்றால் மீனுக்கு ஓட வேண்டிய அவசியமும் இல்லை. வந்த வழியே திரும்பி வந்தால் உண்டு. வேறு வழியாகப் போனால் இல்லை.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, தண்ணீர்மேல் சுருண்டு கிடந்த நரம்பு ஒவ்வொரு சுருளாக நிமிர்ந்தது. பாலத்தைவிட்டு வெளியே, ஆழமான பக்கம் பார்த்துப் போனது.

ஒலீட்டா எழுந்து நின்றாள்.

அந்த மீன் ஒரு முறைதான் மேலே துள்ளியது. வாயைத் திறந்து தலையை உதறியபோது ஹாலிஸின் முஷ்டியே அதற்குள் போய்விடும் போலிருந்தது. படகோரம் கொண்டுவந்தாள். வலை அவன் கையில் இருந்தது. எதிராளி அவன். வலை ஒரு சாண் விலகினால் போதும், நரம்பில் தட்டினால் போதும், யாரும் குற்றம் சொல்ல முடியாது.  ஹாலிஸ் முட்டிபோட்டுத் தோள்வரை கையை விட்டு, தலைப்பக்கமாக வலையைக் கொடுத்து, ஒரே வீச்சில் தூக்கினான். படகின் தரையில் அது தொப்பென்று விழுந்தது.

"என் வாழ்க்கையில இதுமாதிரி பார்த்ததில்ல, மேடம்," என்றான் அவன். 'மேடம்' என்று அவன் வாயிலிருந்து வந்தது அன்றுதான் முதல் தடவை.

ஒலீட்டா மீனைத் தொட்டியில் விட்டு, வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அதன் பிறகுதான் அவனுடைய பெட்டியைப் பார்த்தாள். தன் பையிலிருந்து ஒரு பிடி ஊதாப் புழுவை எடுத்து நீட்டினாள்.

"என்ன இது?"

"புழு."

"தெரியுது. எதுக்கு எனக்கு?"

"உன்கிட்ட நாலு மீன்தான் இருக்கு. சாயங்காலம் வரைக்கும் நீ இங்க வேடிக்கை பார்த்துட்டு, அப்புறம் ஊர்ல போய், 'புழு உருகிடுச்சு, இல்லன்னா ஜெயிச்சிருப்பேன்'னு சொல்லுவே. அது எனக்கு வேணாம். தோத்தா என்கிட்ட ஒழுங்கா தோக்கணும்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டான். முள்ளைக் கோத்த விதத்தில் அவள் ஒரு திருத்தம் சொன்னாள். அவன் மறுபேச்சு பேசாமல் மாற்றிக் கோத்தான். அவள் மோட்டாரை மிதித்து, பின்பக்கமும் பாலத்துக்கு நேராக வரும்படி படகைத் திருப்பிக் கொடுத்தாள்.

நேரம் முடிவதற்குச் சற்று முன்னால் ஹாலிஸும் ஒன்று பிடித்தான். ஒலீட்டாவுடைய பெரிய மீனுக்கு இது தம்பி என்று சொல்லலாம்.

துறையில் எடை போடும் இடத்தில் இரண்டு கரைக்காரர்களும் திரண்டிருந்தார்கள். கார்லண்ட் ஊன்றுகோல்களோடு முன்வரிசையில் நின்றான். ஒலீட்டா மீன் பையைத் தராசில் வைத்தபோது முள் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து, எடை போடுகிறவர் மீன்களை எடுத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். அதே இடத்தில்தான் வந்து நின்றது. இத்தனை வருடப் போட்டியில் யாரும் கொண்டுவராத எடை அது. பெரிய மீனை மட்டும் தனியாக வைத்தார்கள். பத்து பவுண்டைத் தாண்டியது. மேற்குக் கரைக்காரர்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

எல்லா எடையையும் கூட்டிப் பார்த்தபோது கிழக்குக் கரை தோற்றிருந்தது. வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம், ஒரு நடுத்தர மீனின் எடைகூட இல்லை. டாய்லின் முகம் சுருங்கியது.

ஹாலிஸ் கோப்பையை வாங்க மேலே போனான். வாங்கியவன் கீழே இறங்காமல் நின்றான்.

"ஒண்ணு சொல்லணும்," என்றான். "என்னோட கடைசி மீன், ஸ்ட்ரவுட் வீட்டுப் புழுவுல விழுந்தது. என்னுது எல்லாம் உருகிப்போச்சு. மிஸ் ஒலீட்டா கொடுத்தாங்க. அந்த மீன் இல்லன்னா இந்தக் கோப்பை அந்தக் கரைக்குத்தான் போயிருக்கும். இன்னிக்கு என் படகுல ரெண்டு பேர் மீன் பிடிச்சாங்க. நல்லா பிடிச்சது நான் இல்ல."

"எந்த இடத்துல பிடிச்சீங்க?" என்று கூட்டத்திலிருந்து அவன் கரை ஆளே கேட்டான்.

ஹாலிஸ் ஒலீட்டாவைப் பார்த்தான். "ஏரியிலதான்," என்றான்.

டாய்ல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவளிடம் வந்தான். "எதிராளிக்குப் புழு கொடுத்தியா? ஒலீட்டா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஜெயிச்சிருப்போமே."

"ஜெயிச்சிருப்போம். புழு உருகினதால ஜெயிச்சோம்னு வருஷம் பூரா அவங்க சொல்லுவாங்க. நீயும் உள்ளுக்குள்ள அதைத்தான் நினைச்சுக்கிட்டிருப்பே. இப்ப பாரு, அவங்க என்ன சொல்றாங்கன்னு."

டாய்ல் திரும்பிப் பார்த்தான். மேற்குக் கரைக்காரர்கள் கோப்பைப் பக்கமே போகவில்லை. எல்லோரும் அவளுடைய மீன் கிடந்த தொட்டியைச் சுற்றி நின்று, தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அடுத்த வருஷத்துக்குள்ள கார்லண்டுக்குக் கால் சரியாயிடும்," என்றான்.

"ஆயிடும்," என்றான் பக்கத்தில் வந்து நின்ற கார்லண்ட். "அவளை எடுத்த பிறகு இடம் மிச்சமிருந்தா என்னையும் சேர்த்துக்கோ."

பெரிய மீனைப் பாடம் செய்து சுவரில் மாட்டச் சொன்னார்கள். அதற்கு ஆளும் தயாராக இருந்தான். ஒலீட்டா ஒப்புக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, மீனின் கீழ்த்தாடையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தாள். செவுள் மூடித் திறந்தது. சட்டென்று வாலை அடித்து, அவள் முகத்தில் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போனது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. கரையில் நின்ற எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. முதுகை நிமிர்த்தி நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியை அவள்தான் ஓட்டினாள். மாவுக்கட்டுக் காலைச் சீட்டில் நீட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த கார்லண்ட், நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னான். காலையில் ஹாலிஸ் படகைத் திருப்பிய தந்திரத்திலிருந்து ஆரம்பித்து, வலை வரைக்கும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே வந்தான். நரம்பைத் தளரவிட்டுச் சும்மா உட்கார்ந்த இடம் வந்தபோது மட்டும், "எவ்வளவு நேரம்?" என்று கேட்டான்.

"தெரியல. ரொம்ப நேரம்."

"பயமா இருந்துச்சா?"

"கையை முட்டிமேல அழுத்தி வெச்சிருந்தேன். அவனுக்குத் தெரியாம பார்த்துக்கிட்டேன்."

கார்லண்ட் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டான். பைன் மரங்களுக்கு நடுவே ஏரி விட்டுவிட்டு மின்னியது.

"நீ சும்மா உட்கார்ந்திருந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லு," என்றான்.

அவள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள்.